மழையில் நடக்க எடை குறைந்த வாட்டர்ப்ரூஃப் பை: பார்த்து வாங்குவது எப்படி?

மழைக்கால மலையேற்றத்துக்குப் பை தேடிப் போனால், கண்ணில் படும் பாதிப் பைகளில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருக்கும். எனக்கு விற்ற பையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியது பொய்யும் இல்லை. அந்தத் துணி ஒரு சொட்டுக்கூட விடவில்லை. தண்ணீர் முழுக்கத் தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும் உள்ளே வந்தது. நான் கேட்டது பையைப் பற்றி. கடைக்காரர் பதில் சொன்னது துணியைப் பற்றி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலருடைய பணமும், மலையில் ஒரு ராத்திரித் தூக்கமும் போகிறது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

பயணத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள். பை வந்து சேர, வீட்டில் சோதிக்க, பிடிக்காவிட்டால் மாற்ற, தையலுக்குப் பசை பூசி உலரவிட என்று ஒவ்வொன்றும் நாட்களை விழுங்கும். சிறிய தயாரிப்பாளர்கள் பலர் ஆர்டர் வந்த பிறகுதான் தைக்கவே ஆரம்பிக்கிறார்கள். அதற்கே சில வாரங்கள் ஆகும்.

1. எவ்வளவு நனையப் போகிறீர்கள்?

பகல் நடைதான், நடுவில் ஒன்றிரண்டு மழை பெய்யலாம் என்றால், சாதாரணப் பையும் உள்ளே போடும் ஒரு பிளாஸ்டிக் லைனரும் போதும். புதுப் பையே தேவைப்படாமல் போகலாம்.

விடாத மழையில் இரண்டு மூன்று நாள் நடந்து, கூடாரத்தில் தங்கப் போகிறீர்கள் என்றால், பையின் துணி, தையல், வாய் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இவர்களுக்குத்தான்.

ஆற்றில் நீந்துவது, பள்ளத்தாக்கு ஓடைகளில் இறங்குவது, படகுப் பயணம் என்றால் விஷயமே வேறு. பை தண்ணீருக்குள் அமிழ்ந்து எழும். தையலே இல்லாமல் சூட்டில் ஒட்டிய, டி.பி.யு. எனப்படும் வளையும் பிளாஸ்டிக்கால் ஆன கெட்டியான பைகள்தான் அதற்குச் சரி. எடை கூடும், முதுகில் காற்று போகாது, ஆனாலும் வேறு வழியில்லை. மழையில் நடப்பதற்காக மட்டும் இந்த ரகத்தை வாங்கிச் சுமப்பது வீண்.

2. சாமானை முதலில், பையைப் பிறகு

மழை நடைக்கு எடுத்துப் போகும் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்குங்கள். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மாற்றுடை, சாப்பாடு, அடுப்பு, மழைச் சட்டை என எதையும் விடாதீர்கள். சாமான் நிரம்பிய உயரம் வரை நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். 40 × 30 × 35 என்றால் 42 லிட்டர்.

பொதுவாகப் பகல் நடைக்கு 20 முதல் 30 லிட்டர், ஓரிரவுக்கு 35 முதல் 45, சில நாட்களுக்கு 50 முதல் 60 வரை தேவைப்படும். ஆனால் மழைக்காலத்தில் உங்கள் கணக்கோடு ஐந்தாறு லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். நனைந்த கூடாரத்தைக் கொட்டும் மழையில் நின்றுகொண்டு யாரும் அழகாக மடிப்பதில்லை. அது வந்ததைவிடப் பெரிதாகத்தான் திரும்பிப் போகும். அதோடு, ஜிப்புக்குப் பதில் வாயைச் சுருட்டி மூடும் ரோல்-டாப் பை என்றால், சுருட்டும்போது மேலே கொஞ்சம் இடம் போய்விடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில நிறுவனங்கள் வெளிப் பாக்கெட்டுகளையும் சேர்த்து ‘50 லிட்டர்’ என்று போடுவார்கள். வெளிப் பாக்கெட்டில் இருப்பதெல்லாம் நனையும். உட்பக்கம் மட்டும் எத்தனை லிட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

3. துணி: லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று டினியர். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டினியர். எண் ஏற ஏற நூல் தடிமனாகும், எடையும் கூடும். எடை குறைந்த மலைப் பைகளின் உடல் பெரும்பாலும் 70 முதல் 210 டினியருக்குள் இருக்கும். பாறையில் உராயும் அடிப்பகுதிக்கு மட்டும் இன்னும் தடித்த துணி வைத்திருந்தால், தைத்தவர் யோசித்துத் தைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று மி.மீ.யில் வரும் நீரழுத்த அளவு. துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் கசிய ஆரம்பிக்கும் என்று சோதித்துப் போடும் எண் அது. 1500 என்றால் ஒன்றரை மீட்டர் நீர்த்தம்பம். விழும் மழைக்கு அது தாங்கும். ஈரத் தரையில் பையை வைத்து அதன் மேல் நீங்கள் உட்கார்ந்தால் அழுத்தம் பல மடங்காகிவிடும். அதற்கு இந்த எண் போதாது.

பூச்சு எது என்பதையும் கேளுங்கள். உட்பக்கம் பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் பூசிய நைலான்தான் பரவலாகக் கிடைப்பது. விலை குறைவு, தையல் துளைகளை மூடும் டேப் அதில் ஒட்டும். ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சில வருடங்களில் பூச்சு பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்து, செதில் செதிலாக உரியும். மழைக்காலம் முடிந்ததும் ஈரத்தோடு மூட்டை கட்டிவைத்த பைகளுக்குத்தான் பெரும்பாலும் இந்தக் கதி. சிலிகான் பூசிய நைலான் இன்னும் எடை குறைவு, அப்படி உரியாது. ஆனால் இருபுறமும் சிலிகான் இருந்தால் டேப் ஒட்டாது. தையலுக்கு நீங்களேதான் பசை பூச வேண்டும்.

நைலான் நூல் கொஞ்சம் நீரை உறிஞ்சும், நனைந்தால் சற்றுத் தொய்யும். பாலியெஸ்டர் மிகக் குறைவாகவே உறிஞ்சும். மெல்லிய படலங்களை அடுக்கி ஒட்டிய எக்ஸ்-பேக், டைனீமா காம்போசிட் போன்ற துணிகளில் நீரைத் தடுக்கும் படலம் துணிக்குள்ளேயே இருக்கிறது. டைனீமா காம்போசிட் நீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம், எடையும் மிகக் குறைவு. விலைதான் பல மடங்கு. மிக மெல்லிய ரகம் முள்ளிலும் கூரிய பாறையிலும் சுலபமாக ஓட்டையாகும். முதல் பைக்கே இதற்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

புதுப் பையின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைக் காட்டி விற்பார்கள். அது வெளியே பூசிய டி.டபிள்யு.ஆர். என்ற மேல்பூச்சின் வேலை. உராய்விலும் அழுக்கிலும் சீக்கிரமே தேய்ந்துவிடும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

4. தண்ணீர் புகும் நான்கு வழிகள்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கையில் ஒரு சின்ன டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள்.

தையல் முதலில். பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு துளை. டேப் இல்லாத தையல் வரிசை தண்ணீருக்குச் சல்லடைதான். டேப் ஒட்டியிருந்தால், தையலை ஒட்டி ஒரு விரல் அகலத்தில் பளபளப்பான பட்டை ஓடும். அதை நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். ஓரம் எழும்பியிருந்தாலோ, நடுவில் காற்றுக் குமிழி இருந்தாலோ அந்தப் பை வேண்டாம். நேர்த் தையலில் டேப் சரியாக இருக்கும். தோள் பட்டை வந்து சேரும் இடத்திலும், அடிப்பக்க மூலையில் மூன்று தையல்கள் சந்திக்கும் இடத்திலும்தான் விட்டிருப்பார்கள். எனக்கும் அங்கிருந்துதான் முதலில் ஒழுகியது. பிறகு டார்ச்சை உள்ளே வைத்து வாயை மூடி, இருட்டான இடத்தில் வெளியிலிருந்து பாருங்கள். தையலோரம் ஊசி முனை அளவுக்கு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால், அத்தனை வழியாகவும் நீர் வரும்.

அடுத்தது ஜிப். பளபளவென்று ரப்பர் பூசிய மாதிரி இருக்கும் ஜிப்புகளில் பெரும்பாலானவை நீரை ஓரளவு தடுப்பவை மட்டுமே. பல் முனையில், இழுப்பான் வந்து நிற்கும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். நாள் முழுக்கப் பெய்தால் அதன் வழியாக இறங்கும். முழுக்க நீர் புகாத ஜிப்புகளும் உண்டு. அவை கடினமானவை, விலை கூடியவை, அவ்வப்போது மசகு போட வேண்டியவை. பிரதான அறைக்கு ஜிப்பே இல்லாத ரோல்-டாப் பைதான் மழைக்கு நல்லது. வாயைக் குறைந்தது மூன்று சுற்று சுருட்டி பக்கிள் போட வேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்தினால் ரோல்-டாப்பால் பயனில்லை. அளவாகப் பை வாங்கித் திணிப்பவர்களுக்கு அதுதான் நடக்கிறது.

மூன்றாவது வழி முதுகுப்புறம். கழுத்திலிருந்து வழியும் மழை முதுகுக்கும் பைக்கும் நடுவே ஓடி, கூடவே வியர்வையும் சேர்ந்து, பையின் பின்பக்கத் துணியை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். முன்பக்கம் மட்டும் நல்ல துணி போட்டு, முதுகுப் பக்கம் பூச்சில்லாத துணி வைத்த பைகள் இருக்கின்றன. பின்னால் திருப்பிப் பாருங்கள்.

நான்காவது, நீங்கள் திறக்கும் வாய். மழையில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே நீர் போகும். எவ்வளவு நல்ல பையும் இதைத் தடுக்காது. அதனால் நடக்கும்போது தேவைப்படும் மழைச் சட்டை, தின்பண்டம், வரைபடம் எல்லாம் வெளிப் பாக்கெட்டில் இருக்கும்படி பையின் அமைப்பு வேண்டும். வலை போட்ட வெளிப் பாக்கெட் நல்லது. நீர் தங்காமல் வடியும். அடியில் ஓட்டையில்லாத துணிப் பாக்கெட் என்றால் தண்ணீர் தேங்கி அதையும் சேர்த்துச் சுமப்பீர்கள். இடுப்புப் பட்டையில் இருக்கும் குட்டிப் பாக்கெட்டுகள் வாட்டர்ப்ரூஃப் பைகளில்கூடப் பெரும்பாலும் நனைகின்றன. செல்போனை அங்கே அப்படியே வைக்காதீர்கள்.

5. ஐ.பி. எண் போட்டிருந்தால்

நீரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் தரக் குறியீடுதான் ஐ.பி. எண். சில பைகளில் ஐபிஎக்ஸ்4, ஐபிஎக்ஸ்6, ஐபிஎக்ஸ்7 என்று இருக்கும். 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 6 என்றால் வேகமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் அமிழ்த்தினாலும் தாங்கும். மழைக்கு 6 தாராளம். இந்த எண் முழுப் பைக்கா, துணிக்கு மட்டுமா, வாயை எத்தனை சுற்று சுருட்டிச் சோதித்தார்கள் என்று விவரக் குறிப்பில் பாருங்கள்.

6. எடை: தராசில் ஒன்று, மழையில் ஒன்று

முதுகுப்புறம் சுமையைத் தாங்க விறைப்பான சட்டகம் வைத்த வழக்கமான 50 லிட்டர் பை ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். எடை குறைந்த ரகங்கள் ஒரு கிலோ அளவில் கிடைக்கின்றன. சட்டகமே இல்லாதவை 500 முதல் 800 கிராம்.

எண்ணைப் பார்த்ததும் ஆசைப்பட்டுச் சட்டகம் இல்லாததை எடுத்துவிடாதீர்கள். மொத்தச் சுமை 9, 10 கிலோவைத் தாண்டினால் அது தோளை அறுக்க ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் சுமை கூடும் என்பதை மறக்கக் கூடாது: நனைந்த கூடாரம், நனைந்த துணி, கூடுதல் மாற்றுடை. வீட்டில் 9 கிலோவாக இருந்தது இரண்டாம் நாள் காலையில் 11 ஆக நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மெல்லிய சட்டகமும் நல்ல இடுப்புப் பட்டையும் உள்ள, ஒரு கிலோவை ஒட்டிய பைதான் என் பரிந்துரை.

பையே குடிக்கும் தண்ணீரும் ஒரு கணக்கு. தடித்த பஞ்சுபோன்ற முதுகு மெத்தையும் தோள் பட்டையும் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ராத்திரியில் காயாது. கடையில் தோள் பட்டையை விரலால் அழுத்திப் பாருங்கள். மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் கெட்டியாக இருக்கும், நீரை வாங்காது. ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கினால் அது குடிக்கும். மெத்தென்று இருப்பது கடையில் சுகமாகத் தெரியும், மழையில் தெரியாது.

7. உங்கள் முதுகை அளந்துகொள்ளுங்கள்

தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்புகளை இணைக்கும் கோடு வரை முதுகு வளைவை ஒட்டி அளவு டேப்பால் அளக்க வேண்டும். இன்னொருவர் உதவி வேண்டும். தனியாக அளந்தால் தப்பாகத்தான் வரும். பையின் அளவைத் தேர்ந்தெடுக்க இந்த எண்தான் வேண்டும், உங்கள் உயரம் அல்ல. ஒரே உயரமுள்ள இருவரின் முதுகு நீளம் சில சென்டிமீட்டர் மாறும்.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. எட்டு கிலோவாவது உள்ளே போட்டு, மழைச் சட்டையை அணிந்துகொண்டு மாட்டுங்கள். வழுவழுப்பான மழைச் சட்டையின் மேல் இடுப்புப் பட்டை வழுக்கி இறங்குகிறதா என்று கால் மணி நேரம் நடந்தால் தெரிந்துவிடும். பக்கிள்களை ஈரக் கையால் போட்டுக் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். ஆற்றைக் கடக்கும் முன் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட வேண்டும். கால் வழுக்கினால் பையை உதறிவிட்டு எழ அதுதான் வழி. நல்ல வாட்டர்ப்ரூஃப் பை காற்றடைத்து மிதக்கும், உங்களையும் இழுக்கும். ஆகவே இது சின்ன விஷயமில்லை.

8. ரெயின் கவர், லைனர், டிரை பேக்: எதற்குச் செலவு?

பைக்கு மேல் மாட்டும் உறையான ரெயின் கவரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முதுகுப் பக்கத்தை அது மூடாது, பலத்த காற்றில் பறக்கும், புதரில் கிழியும், அடியில் தண்ணீர் தேங்கும். பையை மரக்கிளையிலிருந்தும் சேற்றிலிருந்தும் காப்பாற்ற உதவும், அவ்வளவுதான்.

லைனர்தான் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன். பைக்குள் விரித்து, சாமான்களைப் போட்டு, வாயை முறுக்கி உள்ளே மடக்கிவிடும் கெட்டியான பிளாஸ்டிக் பை. எடை பெரும்பாலும் 100 கிராமுக்குள். பையின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை கணக்கிலேயே வராது. மெல்லிய குப்பைப் பை ஒரே நாளில் கிழிந்துவிடும். குப்பையை அமுக்கிக் கட்டும் தடித்த ரகத்தைத் தேடுங்கள். வாட்டர்ப்ரூஃப் பை வாங்கினாலும் லைனர் போடுங்கள், ஏனென்றால் மூன்றாம் வருடத்தில் எந்தத் தையல் விடும் என்று பைக்கே தெரியாது.

லைனருக்குள் இன்னும் இரண்டே டிரை பேக், அதாவது நீர் புகாத சிறு பைகள்: ஸ்லீப்பிங் பேக்குக்கும் இரவு உடைக்கும் ஒன்று, மின்சாதனங்களுக்கும் முதலுதவிக்கும் ஒன்று. இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் உப்பல் போய் வெப்பம் தராது. குளிரும் இடத்தில் அது ஆபத்து. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி டிரை பேக் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எடையும் செலவும் ஏறும், உருண்டைகளுக்கு நடுவே இடமும் வீணாகும்.

ஈரக் கூடாரத்தை லைனருக்குள் போடவே கூடாது. வாட்டர்ப்ரூஃப் என்றால் உள்ளே போன நீரையும் வெளியே விடாது. கூடாரம் வெளி வலையிலோ, லைனருக்கு மேலேயோ போகட்டும்.

என் பணத்தை நான் இப்படிப் பங்கிடுவேன்: முதுகுக்குப் பொருந்தும் பைக்குப் பெரும் பங்கு, லைனருக்கும் இரண்டு டிரை பேக்குக்கும் சிறு பங்கு, ரெயின் கவருக்கு ஒன்றுமில்லை.

9. பில், உத்தரவாதம், திருப்பும் கெடு

வாங்குவதற்கு முன் மூன்றை எழுத்தில் பாருங்கள். திருப்பித் தர எத்தனை நாள், நனைத்துப் பார்த்த பையை ஏற்பார்களா, உத்தரவாதத்தில் தையல் டேப் உரிவதும் பூச்சு உரிவதும் அடங்குமா. பல உத்தரவாதங்கள் ‘மூலப்பொருள், தயாரிப்புக் குறைபாடு’ என்று மட்டும் சொல்லும், தேய்மானம் சேராது. பூச்சு உரிவதைத் தேய்மானம் என்று சொல்லித் தப்பிக்க இடமிருக்கிறது, ஆகவே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி, அனுப்பும் செலவு, திருப்பி அனுப்பும் செலவு மூன்றையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அளவு தவறினால் கடைசிச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். காகித பில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். லேபிளையும் விலைச் சீட்டையும் சோதனை முடியும்வரை அறுக்காதீர்கள்.

10. வீட்டில் சோதனை

முதலில் தண்ணீர் இல்லாமல்: ரோல்-டாப் பையைக் காற்றோடு சுருட்டி மூடி, இரு கையாலும் அணைத்து அமுக்குங்கள். காற்று எங்கே சீறுகிறது என்று கன்னத்தை வைத்துப் பாருங்கள். இதற்கு லேபிளைக் கழற்ற வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் தடையில்லை.

நனைக்கலாம் என்று கடையில் சம்மதம் இருந்தால் அடுத்தது ஷவர். உள்ளே செய்தித்தாளைக் கசக்கி நிரப்பி, மூடி, 20 நிமிடம் ஷவரின் கீழ் நிறுத்துங்கள். நடுவில் நான்கு பக்கமும் திருப்புங்கள், முதுகுப் பக்கத்தையும்தான். வெளியே துடைத்துவிட்டுத் திறந்தால், காகிதம் கருத்திருக்கும் இடம் ஒழுகல் எங்கே என்று துல்லியமாகக் காட்டும். துணி வைத்துப் பார்ப்பதைவிடக் காகிதம் நல்லது. ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும்.

தையலில் மட்டும் லேசாக ஒழுகினால், திருப்புவதா வைத்துக்கொள்வதா என்று யோசிக்கலாம். டேப் ஒட்டியதாகச் சொல்லி விற்ற பை என்றால் திருப்புங்கள். டேப் இல்லை என்று தெரிந்தே வாங்கியதென்றால் பசை பூசுங்கள். சிலிகான் துணிக்குச் சிலிகான் பசை, பி.யு. துணிக்கு யூரித்தேன் பசை. மாற்றிப் பூசினால் காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வரும். காற்றோட்டமுள்ள இடத்தில் பூசி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, மறுபடி ஷவரில் வையுங்கள். பசை பூசிய பிறகு கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார் என்பதால், அந்த முடிவைக் கெடு முடியும் முன் எடுங்கள்.

11. பயணம் முடிந்து வந்ததும்

அன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே கொட்டி, சேற்றை வெறும் தண்ணீரில் கழுவி, வாயை விரித்து நிழலில் தொங்கவிடுங்கள். உட்புறத்தையும் திருப்பிக் காயவையுங்கள். வாஷிங் மெஷின், வெந்நீர், கொளுத்தும் வெயில் மூன்றும் பூச்சுக்கு ஆகாது. சுருட்டி மூடி வைக்காமல் வாய் திறந்தபடி, காற்றுப் போகும் இடத்தில் வையுங்கள்.

காய்ந்ததும் மறுபடி ஒருமுறை டார்ச் போட்டுத் தையலைப் பாருங்கள். டேப் எங்காவது எழும்பியிருந்தால் உத்தரவாதக் காலத்திலேயே எழுதிவிடுங்கள்: கிட்டத்தில் எடுத்த படம், முழுப் பையின் படம், பில்லின் படம், எந்த நாளில் கவனித்தீர்கள் என்ற ஒரு வரி. அனுப்பச் சொன்னால் நன்றாகக் கழுவிக் காயவைத்து அனுப்புங்கள். அழுக்கோ ஈரமோ இருந்தால் பல நிறுவனங்கள் தொடாமலே திருப்பி அனுப்பிவிடும்.